1200 மாணவர்களோட தகவல் என் பொறுப்புல வந்திருக்கு, எந்த சாப்ட்வேர் வாங்கினா பாதுகாப்பா இருக்கும்?

நீங்க கேட்டதை ஒரு தடவை நானே திரும்ப எழுதிக்கிறேன், ஏன்னா உங்க கேள்வியோட முதல் வரி ஒண்ணு கேக்குது, கடைசி வரி வேற ஒண்ணு கேக்குது. காலேஜ் ஆபீஸ்ல மாணவர் ரெக்கார்ட்ஸ் பொறுப்பு புதுசா உங்களுக்கு வந்திருக்கு, 1200 பேரோட விவரம் எக்செல்லயும் டிரைவ்லயும் சிதறிக் கிடக்கு, என்ன சாப்ட்வேர் வாங்கலாம்னு கேட்டிருக்கீங்க. அப்புறம் போற போக்குல, ஒரு மாணவி வந்து "யாரோ ஒருத்தன் தினமும் போன் பண்றான், என் பேரு, டிபார்ட்மென்ட் எல்லாம் சொல்றான், என் நம்பர் இங்க இருந்துதான் போச்சா"ன்னு கேட்டாங்க, பதில் சொல்லத் தெரியலன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியா தெரியுது. சாப்ட்வேர் எது வாங்கினாலும் அந்தப் பொண்ணுக்கு பதில் கிடைக்காது. அவங்க நம்பர் எங்கெங்க இருக்கு, யார் யார் கையில இருக்குன்னு உங்களால சொல்ல முடியணும், அதைப் பத்திதான் எழுதப் போறேன்.

நான் 17 வருஷமா தேர்வுப் பிரிவுலயும் அப்புறம் மாணவர் ரெக்கார்ட்ஸ் சிஸ்டத்தைப் பாத்துக்கற வேலையிலயும் இருக்கேன். வக்கீல் இல்ல, அதனால சட்டம் பத்தி சொல்றதை மேலோட்டமா மட்டும் எடுத்துக்கோங்க. இத்தனை வருஷத்துல நான் நேர்ல பாத்த கசிவுல முக்கால்வாசிக்கு மேல ஹேக்கர்னு யாருமே கிடையாது. நம்ம ஆளுங்களே, நல்ல எண்ணத்தோட, அவசரத்துல அனுப்பின ஒரு பைல். இது என் அனுபவம், ஊர் உலகம் முழுக்க எண்ணிப் பாத்த கணக்கு இல்ல, ஆனா இதே வேலையில இருக்கற யாரைக் கேட்டாலும் தலையாட்டுவாங்கன்னு நினைக்கிறேன்.

முதல்ல ஒரு வேலை பண்ணுங்க, சாப்ட்வேர் கம்பெனிக்கு போன் போடறதுக்கு முன்னாடி. ஒரே ஒரு மாணவரோட ஒரே ஒரு போன் நம்பரை எடுத்துக்கிட்டு அது சேர்க்கை விண்ணப்பத்துல எழுதின நாள்ல இருந்து எங்கெல்லாம் போச்சுன்னு பேப்பர்ல கோடு போட்டு வரையுங்க. விண்ணப்பம், அதோட ஜெராக்ஸ், டேட்டா என்ட்ரி பண்ணின எக்செல், டிபார்ட்மென்ட்டுக்கு மெயில்ல போன காப்பி, அங்க இருந்து வகுப்பு ஆசிரியர் போனுக்கு, அங்க இருந்து கிளாஸ் ரெப் கிட்ட, ரெப் ஆரம்பிச்ச வாட்ஸ்அப் குரூப், ஹாஸ்டல் லிஸ்ட், டூர் லிஸ்ட், ஐடி கார்டு அடிக்கறவருக்கு அனுப்பின பைல், பிளேஸ்மென்ட்டுக்கு வந்த கம்பெனிக்கு கொடுத்தது. நாங்க ஒரு தடவை இப்படி உக்காந்து வரைஞ்சப்ப 30 இடத்தைத் தாண்டிப் போச்சு, அதுல பாதிக்கு இன்னைக்கு யார் பொறுப்புன்னே யாருக்கும் தெரியல, ரெண்டு பைல் வேலையை விட்டுப் போனவங்களோட சொந்த மெயில்ல இருந்துச்சு. காப்பி ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொறுப்பாளரும் அதை அழிக்கற தேதியும் இருக்கணும், ரெண்டும் இல்லாத காப்பிதான் வெளிய போகும். நான் கத்துக்கிட்டதுல உருப்படியான விஷயம் இது ஒண்ணுதான், மீதி எல்லாம் இதுல இருந்து வர்றது.

மறந்து போன காப்பி என்ன பண்ணும்னு தெரிய கிரீன்விச் பல்கலைக்கழகத்துல நடந்ததைப் பாருங்க. 2004ல ஒரு பயிற்சி மாநாட்டுக்காக ஒரு ஆசிரியரும் ஒரு மாணவரும் சேர்ந்து சின்னதா ஒரு வெப்சைட் போட்டாங்க. மாநாடு முடிஞ்சது, சைட்டை யாரும் மூடல. அது வழியா 2016ல உள்ள நுழைஞ்சு சர்வர்ல இருந்த கிட்டத்தட்ட 19,500 பேரோட விவரத்தை எடுத்துட்டாங்க, அதுல சுமார் 3,500 பேருக்கு கற்றல் குறைபாடு, உடம்பு சரியில்லாம போன விவரம் மாதிரி யாருக்கும் தெரியக் கூடாத தகவலும் இருந்துச்சு. 2018ல பிரிட்டன் தகவல் ஆணையர் 1,20,000 பவுண்ட் அபராதம் போட்டார். 12 வருஷம் கழிச்சு, எதுக்காக ஆரம்பிச்சாங்கன்னே மறந்து போன ஒரு பக்கம் வழியா. உங்க காலேஜ்லயும் பழைய சிம்போசியம் ரெஜிஸ்ட்ரேஷன் பக்கம் ஒண்ணாவது இன்னும் உயிரோட இருக்கும், தேடிப் பாருங்க.

அடுத்து எக்செல். இதைப் பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா உங்க தினசரி வேலையே அதுலதான். ஒரு காலத்தை (column, அதாவது மேலிருந்து கீழ வர்ற வரிசையை) ஹைட் பண்ணினா அது பைலை விட்டுப் போகல, வாங்கறவர் ரெண்டு கிளிக்ல திறந்துடுவார். பில்டர் போட்டு ஒரு கிளாஸ் மட்டும் தெரியற மாதிரி வச்சு அனுப்பினாலும் மீதி கிளாஸ் எல்லாம் உள்ளதான் இருக்கும். பிவட் டேபிள் (பெரிய பட்டியலை சுருக்கிக் காட்டற எக்செல் அட்டவணை) இன்னும் மோசம், மூல ஷீட்டை நீங்க டெலீட் பண்ணினாலும் அந்தத் தகவலோட ஒரு நகல் பைலுக்குள்ளயே தங்கியிருக்கலாம். 2023 ஆகஸ்ட்ல வட அயர்லாந்து போலீஸ் ஒரு தகவல் கோரிக்கைக்கு எக்செல் பைல் அனுப்பினப்ப மறைஞ்சிருந்த ஒரு ஷீட்டை கவனிக்காம விட்டு, கிட்டத்தட்ட 9,500 ஊழியர்களோட விவரம் இணையத்துக்கே வந்துடுச்சு. போலீஸுக்கே இந்த கதின்னா வேலை அவசரத்துல இருக்கற நமக்கு நடக்காதா. எங்க ஆபீஸ்ல நாங்க வச்ச பழக்கம், வெளிய போற எதுவா இருந்தாலும் புதுசா ஒரு வெத்து பைல் திறந்து, வேணுங்கற காலத்தை மட்டும் வேல்யூவா (பார்முலா எதுவும் இல்லாம, திரையில தெரியறதை மட்டும்) பேஸ்ட் பண்ணி, அதை அனுப்பறது. பழைய பைல்ல தேவையில்லாததை அழிச்சிட்டு அனுப்பறதுன்ற பேச்சே கிடையாது. பிடிஎப்ல பேர் மேல கறுப்புப் பட்டை போடறதும் இதே தப்புதான், நிறைய நேரம் பட்டைக்கு கீழ எழுத்து அப்படியே இருக்கும், செலக்ட் பண்ணி காப்பி எடுத்தா வந்துடும்.

வாட்ஸ்அப் குரூப்ல ஒரு லிஸ்ட் போட்டீங்கன்னா அதை திரும்ப வாங்க முடியாதுன்னு முடிவு பண்ணிக்கோங்க. டெலீட் பார் எவ்ரிஒன் அழுத்தினாலும் அதுக்குள்ள யாராவது டவுன்லோட் பண்ணியிருந்தாலோ பார்வர்ட் பண்ணியிருந்தாலோ அது அங்கயே இருக்கும். அதோட குரூப்ல சேர்த்தாலே நம்பர் எல்லாருக்கும் தெரிஞ்சுடும், விருப்பமான்னு யாரும் கேக்கறதும் இல்ல. உங்க மாணவி விஷயத்துல நான் முதல்ல சந்தேகப்படறது இதைத்தான், ஆனா சந்தேகம் மட்டும்தான். கூகுள் பார்ம்ல பதில்களோட சுருக்கத்தை எல்லாருக்கும் காட்டற ஒரு செட்டிங் இருக்கு, அது ஆன்ல இருந்தா முன்னாடி நிரப்பினவங்க எழுதினதை அடுத்து நிரப்பறவர் பாக்கலாம், அதை ஒவ்வொரு பார்ம்லயும் போய்ப் பாருங்க. ஷீட்டை லிங்க் இருக்கற யாரும் பாக்கலாம்னு வச்சிருந்தா அந்த லிங்க் எங்க போகுதோ டேட்டாவும் அங்க போகும்.

ரிசல்ட் பக்கம் எப்படி இருக்குன்னும் பாருங்க. பதிவு எண்ணும் பிறந்த தேதியும் போட்டா மார்க் வருதுன்னா அது பூட்டே இல்ல. பதிவு எண் வரிசையா வரும், பக்கத்துல உக்காந்திருக்கறவரோட எண்ணை யாரும் சொல்லிடலாம். ஒரு பேட்ச்ல இருக்கறவங்க பெரும்பாலும் மூணு வருஷத்துக்குள்ள பிறந்தவங்க, அதாவது சுமார் 1,100 தேதி, தப்பான முயற்சியை எண்ணித் தடுக்கற ஏற்பாடு இல்லேன்னா எல்லாத் தேதியையும் தானா போட்டுப் பாக்கற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் சில நிமிஷத்துல முடிச்சிடும். போதாததுக்கு பிறந்தநாள் வாழ்த்து போஸ்டர்ல நாமளே தேதியைப் போட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டறோம். மார்க் லிஸ்ட்டை பேர் இல்லாம பதிவு எண் மட்டும் போட்டு ஒட்டினா போதும்னு நினைக்காதீங்க, எண்ணே பேரோட அகரவரிசைப்படிதான் கொடுத்திருப்பாங்க, கிளாஸ்ல இருக்கற எல்லாருக்கும் யார் எதுன்னு தெரியும்.

பேரை எடுத்துட்டா அடையாளம் போயிடும்ன்ற நம்பிக்கை ரொம்ப ஆழமா இருக்கு, படிச்சவங்க கிட்டயும். லட்டான்யா ஸ்வீனின்ற ஆராய்ச்சியாளர் அமெரிக்காவோட 1990 மக்கள்தொகைக் கணக்கை வச்சு, பிறந்த தேதி, பாலினம், அஞ்சு இலக்க அஞ்சல் எண் இந்த மூணு இருந்தாலே 87 சதவீதம் பேரை தனியா பிரிச்சு அடையாளம் காண வாய்ப்பிருக்குன்னு காட்டினாங்க. நம்ம விஷயத்துக்கு இன்னும் கிட்ட வர்ற உதாரணம் 2008ல நடந்தது. பேஸ்புக்ல இருந்து ஒரு கல்லூரியோட ஒரு முழு பேட்ச் மாணவர்களோட விவரத்தை எடுத்து, பேர் எல்லாம் நீக்கி, காலேஜ் பேரையும் சொல்லாம ஆராய்ச்சிக்காக வெளியிட்டாங்க. மைக்கேல் ஜிம்மர்னு ஒரு ஆய்வாளர் அந்த டேட்டாவைத் திறக்கவே இல்ல, கூட வந்த விளக்கக் குறிப்புல இருந்த மாணவர் எண்ணிக்கையையும் பாடப் பிரிவுகளோட பேரையும் வச்சே அது ஹார்வர்டுன்னு கண்டுபிடிச்சிட்டார், அப்புறம் அதை திரும்ப எடுத்துட்டாங்க. கவனிங்க, தனித்தனி மாணவரை அவர் கண்டுபிடிக்கல, காலேஜை மட்டும்தான், ஆனா காலேஜ் தெரிஞ்சுட்டா எங்கிருந்தோ தனியா வந்து படிக்கற ஒரே ஒருத்தரை கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும். அதனால நீங்க அறிக்கை தயாரிக்கறப்ப அட்டவணையோட எந்தக் கட்டத்துல எண் அஞ்சுக்கு கீழ வந்தாலும் அதை வெளியிடாதீங்க. "மாற்றுத்திறனாளி மாணவர் 1, பெயில் 1"ன்னு போட்டா பேர் போட்ட மாதிரிதான்.

இன்னொண்ணு, இதுக்கு கம்ப்யூட்டரே வேணாம். போன் வரும், "நான் அவளோட அப்பா பேசறேன், இன்னைக்கு வந்திருக்காளா, எத்தனை மணிக்கு கிளம்புவா, எந்த ரூம்"னு. குரல் பதட்டமா இருக்கும், நமக்கு இரக்கம் வரும், சொல்லிடுவோம். நானும் சொல்லியிருக்கேன், ஆரம்ப காலத்துல, பேசினது அப்பா இல்லன்னு ரெண்டு நாள் கழிச்சுத் தெரிஞ்சது. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா அந்த ரெண்டு நாள் எனக்கு இன்னும் மறக்கல. அதுக்கப்புறம் நான் யாருக்கும் போன்ல எதையும் சொல்றதில்ல, "நாங்களே கூப்பிடறோம் சார்"னு சொல்லிட்டு மாணவர் கிட்ட முதல்ல கேட்டு, அவங்க சரின்னா மட்டும் ரெக்கார்ட்ல இருக்கற நம்பருக்கு கூப்பிடுவேன். உண்மையான பெற்றோர் சில பேர் கோவப்படுவாங்க, காரணத்தைச் சொன்னா பெரும்பாலானவங்க புரிஞ்சுக்குவாங்க, அவங்க பொண்ணுக்குத்தானே இது. பெற்றோர் எல்லாருமே பாதுகாப்பான ஆள்னும் நினைச்சுக்காதீங்க, வீட்டுல இருந்து தப்பிச்சு வந்து படிக்கற பிள்ளைங்களும் இருக்காங்க.

இந்த இடத்துல சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவுல 1974லேயே மாணவர் ரெக்கார்டுக்குன்னு தனிச் சட்டம் வந்துடுச்சு, அதுல ஒருத்தர் கல்லூரியில சேர்ந்துட்டா வயசு 17ஆ இருந்தாலும் உரிமை பெற்றோர் கிட்ட இருந்து மாணவருக்குப் போயிடும், வரிக் கணக்குல சார்ந்திருக்கற பிள்ளையா இருந்தா பெற்றோருக்கு சொல்லலாம்ன மாதிரி சில விலக்கு உண்டு. ஆனா அந்தச் சட்டத்தை மீறிட்டாங்கன்னு மாணவரே நேரா வழக்குப் போட முடியாதுன்னு அங்க உச்ச நீதிமன்றம் 2002ல சொல்லிடுச்சு. இந்தியாவோட 2023 தனிநபர் தகவல் சட்டம் 18க்கு கீழ இருந்தா குழந்தைன்னு எடுத்துக்குது, அப்ப பெற்றோர் ஒப்புதல் உள்ள வருது, முதல் வருஷ மாணவர் பலருக்கும் 17தான். இலங்கையில 2022ல, சிங்கப்பூர்ல 2012ல தனிநபர் தகவல் சட்டம் வந்திருக்கு. ஐரோப்பாவுல 2018 மே மாசத்துல இருந்து, ஆபத்து உள்ள கசிவுன்னா தெரிஞ்ச 72 மணி நேரத்துக்குள்ள அந்த நாட்டு தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்கு சொல்லணும். உங்க காலேஜுக்கு எது பொருந்தும்னு ஒரு வக்கீல் கிட்ட ஒரு மணி நேரம் கேட்டுக்கோங்க, இணையத்துல ஒருத்தர் எழுதினதை வச்சு முடிவெடுக்க வேணாம்.

எவ்வளவு நாள் வச்சிருக்கணும்ன்றதுதான் நம்ம யாருக்குமே பிடிக்காத கேள்வி, எதையும் அழிக்க மனசு வராது, நாளைக்கு யாராவது கேட்டா என்ன பண்றதுன்னு. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துல 2014ல கசிவு நடந்தப்ப 1998ல இருந்து ஐடி வாங்கினவங்களோட சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (அமெரிக்க அரசு ஆளுக்கு ஒண்ணா கொடுக்கற எண்) வரைக்கும் போச்சு, 3 லட்சத்துக்கு மேல ரெக்கார்ட்னு அப்ப அறிவிச்சாங்க. ஆஸ்திரேலிய தேசிய பல்கலைக்கழகத்துல 2018 நவம்பர்ல ஒரு மெயில் வழியா நுழைஞ்சாங்க, அந்த மெயில்ல லிங்க்கை கூட அழுத்தல, முன்னோட்டமா பாத்ததே போதுமா இருந்துச்சு, 2019 மே மாசம்தான் கண்டுபிடிச்சாங்க, உள்ள இருந்தது 19 வருஷத்து விவரம். அந்தப் பல்கலைக்கழகம் நடந்ததை விலாவாரியா அறிக்கையாவே வெளியிட்டாங்க, அது பெரிய மனசு. மார்க்கும் பட்டமும் காலத்துக்கும் வேணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா சீட் கிடைக்காம போனவங்களோட விண்ணப்பம் எதுக்கு? அடையாள அட்டையை ஸ்கேன் பண்ணி வைக்கறதுக்கு பதிலா "அசல் பார்த்தேன், இன்னார், இந்த தேதி"ன்னு ஒரு வரி போதும். குடும்ப வருமானம், சமூகம், உடல்நிலை, கவுன்சிலிங் குறிப்பு இதெல்லாம் பொது ரெக்கார்டோட கலக்காம தனியா, பேர் எண்ணி ரெண்டு மூணு பேருக்கு மட்டும் தெரியற மாதிரி வைங்க. உதவித்தொகை வாங்கறவங்க லிஸ்ட்டை போர்டுல ஒட்டற பழக்கம் இருந்தா தயவு செஞ்சு இன்னைக்கே நிறுத்துங்க, தன் குடும்பத்தோட ஏழ்மையை கிளாஸ் முழுக்கப் படிக்கறதைப் பாத்துக்கிட்டு நிக்கற பிள்ளையோட முகத்தை நான் பாத்திருக்கேன்.

சரி, சாப்ட்வேர். ஒரே இடத்துல எல்லாத்தையும் வைக்கற சிஸ்டம் நல்லதுதான், சிதறின எக்செல்லை விட. ஆனா வாங்கறப்ப பாக்க வேண்டியது திரையோட அழகை இல்ல. யார் எதைப் பாக்கலாம்னு பிரிக்க முடியுதா, மாத்தினது மட்டும் இல்லாம திறந்து பாத்ததும் பதிவாகுதா, ஆளுக்கு ஒரு லாகின் ஓடிபியோட இருக்கா, வேலையை விட்டவரோட கணக்கு அன்னைக்கே மூடுதா, எக்செல்லா டவுன்லோட் பண்றதை தடுக்கவோ எண்ணவோ முடியுதா, ஒப்பந்தம் முடிஞ்சா டேட்டாவை அழிச்சிட்டு எழுத்துல கொடுப்பாங்களா. இதுல டவுன்லோட் விஷயத்தை விட்டுடாதீங்க, அதைத் திறந்து விட்டா ஒரு மாசத்துல பழையபடி 30 காப்பி ஆயிடும். நீங்க கொடுக்கற கம்பெனி அவங்க வேற ஒரு கம்பெனியை நம்பியிருப்பாங்க, 2023ல மூவிட்னு ஒரு பைல் அனுப்பற சாப்ட்வேர்ல ஓட்டை வந்தப்ப அமெரிக்காவுல ஒரே ஒரு மாணவர் விவர நிறுவனம் வழியா கிட்டத்தட்ட 900 கல்லூரி பாதிக்கப்பட்டுச்சு.

எனக்கு உறுதியா சொல்ல வராத இடமும் உண்டு. வருகைப் பதிவுக்கு முகம், கைரேகை வேணுமான்னு கேட்டா நான் வேணாம்னுதான் சொல்வேன், பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம், விரலை மாத்த முடியாது, ஆனா இது என் கருத்து, இதை ஒழுங்கா பண்ற இடமும் இருக்கலாம். மாணவர் கையெழுத்து போட்டு ஒப்புதல் கொடுத்துட்டாங்களேன்னு சொல்வாங்க. ஸ்வீடன்ல 2019ல ஒரு பள்ளி 22 மாணவர்கள் கிட்ட முகத்தை வச்சு வருகை எடுத்துப் பாத்ததுக்கு அபராதம் போட்டப்ப, படிக்கற இடத்தை நம்பி இருக்கற பிள்ளைங்க கொடுக்கற ஒப்புதல் சுதந்திரமானது இல்லன்னு சொல்லித்தான் போட்டாங்க, எனக்கு அது சரியாப் படுது. ஆன்லைன் பரீட்சைக்கு மாணவரோட ரூமை கேமராவுல சுத்திக் காட்டச் சொல்றது இன்னும் முடியாத விவாதம். 2022ல கிளீவ்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக வழக்குல அது நியாயமில்லாத சோதனைன்னு ஒரு நீதிபதி தீர்ப்பு சொன்னார், ஆனா காப்பி அடிக்காம நேர்மையா எழுதறவங்களுக்கும் ஒரு நியாயம் வேணுமே, அதை நான் சுலபமா ஒதுக்கிட மாட்டேன்.

அந்த மாணவி விஷயத்துக்கு வர்றேன். நாளைக்கே அவங்களை திரும்பக் கூப்பிட்டு, அவங்க விரும்பினா கூட ஒரு பெண் ஊழியரை வச்சுக்கிட்டு தனியா பேசுங்க. "எங்க கிட்ட இருந்து போகல"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, உங்களுக்கே அது தெரியாது. அவங்க நம்பர் இருந்த லிஸ்ட் எல்லாம் எது எது, யார் கிட்ட போச்சு, எதை மூடிட்டீங்க, எதை மூட முடியலன்னு நீங்க வரைஞ்ச அந்தப் பேப்பரையே காட்டுங்க. போன் வந்த நேரம், நம்பர் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்க, புகார் கொடுக்கணும்னா கூட வர்றேன்னு சொல்லுங்க, கொடுக்கறதா வேணாமான்றது அவங்க முடிவு. யாரு, ஏன் உனக்கு மட்டும் பண்றான்னு கேக்காதீங்க. இதை அஞ்சு பேருக்கு காப்பி போட்டு மெயில் எழுதாதீங்க. அவங்க வீட்டு நம்பரும் உங்க எக்செல்ல பக்கத்து காலத்துலயே இருக்கும், அவங்க சொல்லாம அதுக்கு போன் பண்ணிடாதீங்க.